வெங்காயம் போடாத மெஸ்

திருச்சானூர்
6 ஏப்ரல் 2025

அலமேலுவுக்கு,

நான் நல்லா இருக்கறேன். உன் இருமல் கொறஞ்சிச்சா இல்லியா, அத்த மொதல்ல எழுது.

இன்லேண்டு லெட்டர பாத்துட்டு பயந்துடாத. யாருக்கும் ஒண்ணும் ஆகல. போன மாசம் வூட்டுக்கு வந்தப்ப பேசினோமே, ரெண்டு போனுக்கும் ரீசார்ஜ் போடறது தண்டம்னு. நீ சொம்மா தலையாட்டின, நான் நெஜமாவே நிறுத்திட்டேன். லெட்டர் ரெண்டரை ரூபா தான். போஸ்டாபீஸ்ல கேட்டப்ப கவுண்டர்ல இருந்த அம்மா என்ன மேலயும் கீழயும் பாத்துச்சு. அப்புறம் உள்ள போய் அலமாரிய தொறந்து, தூசி தட்டி எடுத்துக்கினு வந்துச்சு. அங்க இருந்த எல்லாத்தையும் வாங்கிட்டேன்.

இங்க ஒரு சேதி. லாட்ஜ் மாடிய இடிச்சிக் கட்டறாங்க. மாடிப்படிக்குக் கீழ நான் படுத்துக்கினு இருந்த எடமும் போச்சு. வேல போகல, பயப்படாத, கீழ் ரூமுங்க ஓடிக்கினு தான் இருக்குது. நாலு பசங்களோட சேந்து ஒரு ரூம் எடுத்துக்கினேன். பங்கு வாடக, ரொம்ப கம்மி. சாப்பாடு பக்கத்துல ஒரு மெஸ்ல. லெட்டர மட்டும் லாட்ஜ் அட்ரஸுக்கே போடு, மேனேஜர் கேசவன் எடுத்து வெப்பாரு.

பாபுகிட்ட சொல்லி வை, அவன் ஷேர் ஆட்டோவ வேற யாருக்காவது குடுத்துடப் போறான். பொங்கலுக்குள்ள முழுப் பணத்தையும் குடுத்துடறேன். அப்புறம் சித்தூருக்கும் ஜி.டி.நெல்லூருக்கும் நடுவுல ஓட்டிக்கினு, தெனமும் நம்ம வூட்டு சோறு துன்னுட்டு நம்ம வூட்ல படுக்கறேன். நீ இங்க வந்துட்டா வாடகைக்கே ரெண்டு பேரும் ஒழைக்கணும். சொந்த வூடு அங்க இருக்கறப்ப எதுக்கு? நாம ரெண்டே பேரு, புள்ள குட்டி செலவு இல்ல, பொங்கல் வரைக்கும் பல்ல கடிச்சிக்கினு இருந்தா முடிஞ்சிடும்.

பஸ் சார்ஜ பாத்தா பயமா இருக்குது. இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா தான் வருவேன். ஒவ்வொரு தபா வந்து போறதும், நான் மொத்தமா வூட்டுக்கு வரத தள்ளிப் போடுது பாரு.

இங்க தெனமும் கோயில் மைக்ல அலர்மேல்மங்கைன்னு உன் பேர சொல்றாங்க. நான் ஒரு கூமுட்ட, ஒவ்வொரு தபாவும் திரும்பிப் பாக்கறேன்.

உன்
கமலக்கண்ணன்


ஜி.டி.நெல்லூர்
15 ஏப்ரல் 2025

மாமாவுக்கு அலமேலு எழுதறது. நான் சுகமா இருக்கறேன். நீயும் அங்க சுகமா இருக்கணும்னு அலர்மேல்மங்கைத் தாயார கும்புட்டுக்கறேன். இருமல் அப்பிடியே தான் இருக்குது, அது என்ன உட்டுப் போவாது, நீ தான் போவ.

உன் லெட்டர் வந்து தெருவே கூடிடுச்சு. போஸ்ட்மேன் எத்திராஜ் வாசல்ல நின்னுக்கினு, "அக்கா, கோர்ட்டு நோட்டீஸா?"ன்னு கத்தறான். இந்தக் காலத்துல புருஷன் பொண்டாட்டிக்கு லெட்டர் போடுவானான்னு எதிர் வூட்டுக்காரி சிரிக்கறா. போட்டா தான் இன்னாவாம்? மேல அட்ரஸ எத்திராஜ் தான் தெலுங்குல எழுதிக் குடுத்தான். உள்ள இருக்கற தமிழ் அவனுக்குப் படிக்க வராது, அது வரைக்கும் நிம்மதி.

என் கஞ்சத்தனத்த கேளு. கேஸ் சிலிண்டர தொடறதே இல்ல, வெறகு தான். அந்தப் பொகையில தான் இருமல்னு நீ திட்டுவ, திட்டு. தண்ணி ட்ரம்முக்கு கறுப்பு பெயிண்ட் அடிச்சி வெயில்ல வெச்சிட்டேன், சாயங்காலம் சுடு தண்ணி சொம்மா கெடைக்குது. ஃபேன் போடறது இல்ல. காலையில ஒரு தபா ஒலை வெக்கறேன், ராத்திரிக்கும் அதே சோறு. ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு தபா ஆக்கறது? பேச ஆள் இல்லாதப்ப சோறு சூடா இருந்தா இன்னா, ஆறிப் போனா இன்னா.

நீ எழுதினதுல ரூம் எந்தத் தெருன்னு இல்ல, மெஸ் பேரு இல்ல. இன்னா போடறாங்க, யாரு ஆக்கறாங்க, எல்லாம் எழுது. நீ துன்றத நான் கண்ணால பாக்கணும்.

பாபுகிட்ட சொல்லிட்டேன். பொங்கல் வரைக்கும் வெயிட் பண்றேன்னான்.

இப்படிக்கு
அலமேலு


திருச்சானூர்
18 மே 2025

அலமேலு,

ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கறேன். லேட்டா எழுதறதுக்கு கோச்சிக்காத. லீவு கூட்டம். ரூம் ரூமா பெட்ஷீட் மாத்தி இடுப்பு ஒடியுது.

மெஸ் பத்தி கேட்டல்ல. நல்ல மெஸ். சோறு கணக்கு பாக்காம போடறாங்க. சாம்பார், ரசம், மோர். ஒரு நாள் பூசணிக்கா கூட்டு, ஒரு நாள் வாழக்கா பொரியல். சில நாள் சக்கரப் பொங்கல் கூட உண்டு. வெங்காயம் பூண்டு போட மாட்டாங்க, அதனால வயிறு லேசா இருக்குது. வரிசையா உக்காந்து துன்றோம். பக்கத்துல தெனமும் வேற வேற ஆளு. நேத்து ராஜமுந்திரியில இருந்து வந்த ஒரு பெரியவரு, அவரு மாட்ட பத்தியே பேசிக்கினு இருந்தாரு. அதுக்கு முந்தின நாள் சேலத்துல இருந்து ஒரு புது ஜோடி. கை கழுவினதும் கெளம்பிடறாங்க. மறு நாள் யாரும் இருக்க மாட்டாங்க.

கேஸ் அடுப்ப பத்த வை. இது மட்டும் சொன்னா கேளு. மிச்சம் புடிக்கறதுக்கு நான் ஒருத்தன் போதும்.

ஜூன் மொத வாரம் வரேன்.

கமலக்கண்ணன்


ஜி.டி.நெல்லூர்
22 ஜூன் 2025

மாமாவுக்கு,

நான் சௌக்கியம். நீ பஸ்ல எடம் கெடச்சி உக்காந்து போனியா, நின்னுக்கினே போனியா? மாங்கா சீசன் ஆரம்பிச்சிடுச்சு, கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போறேன். கை, தல, பொடவ எல்லாம் ஒரே மாங்கா வாசன. இருமினா கூட மாங்கா தான் வருது.

நீ மொட்டத் தலையோட வாசல்ல வந்து நின்னப்ப எனக்கு அடையாளமே தெரியல. யாரோ தர்மம் கேக்க வந்திருக்கறான்னு நெனச்சி "கைல ஒண்ணும் இல்ல, போய் வாப்பா"ன்னுட்டேன். இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. இன்னாய்யா இது கோலம்னு கேட்டா, "உன் இருமல் போகணும்னு வேண்டிக்கினேன்"ன்னு சொன்ன. சொல்லிட்டு மூஞ்ச திருப்பிக்கின. நான் உள்ள போய் அழுதேன் மாமா, நீ பாக்கல. கல்யாணமாயி இத்தினி வருஷத்துல எனக்காக ஒரு ஊதுவத்தி கூட நீ கொளுத்தினது இல்ல. ஃபேக்டரியில எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். எதிர் வூட்டுக்காரி வாய அடச்சிட்டேன்.

நீ குடுத்துட்டுப் போன சோப்பு உருண்டைய தான் தெனமும் போட்டுக்கறேன். லாட்ஜுல தங்கறவங்க தேச்சி மிச்சம் உட்டுட்டுப் போற துண்டு சோப்ப எல்லாம் சேத்துப் புடிச்சி கொழுக்கட்ட மாதிரி பண்ணி வெச்சிருக்கற, உன் மூளையே மூள. ஒரு நாள் சந்தனம் வருது, ஒரு நாள் வேம்பு, ஒரு நாள் ரோஜா. எந்தெந்த ஊரு குடும்பமோ தேச்ச சோப்பு. வூட்ல ஒரு ஆள் வாசன கூட இல்லாம கெடக்குது, சோப்புல இத்தினி பேரு.

நீ ஒரு ராத்திரி தான் இருந்த. இன்னும் ஒரு நாள் இருந்திருக்கலாம்.

அலமேலு


திருச்சானூர்
13 ஜூலை 2025

அலமேலு,

நான் சுகம். லேசா சளி, மத்தபடி ஒண்ணும் இல்ல. மழ பேஞ்சா தர ஜில்லுன்னு ஆயிடுது.

மொட்டைய பத்தி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத. சாமி விஷயம், வெளிய சொல்லக் கூடாது.

பணம் நல்லா சேந்துக்கினு வருது. இந்த மாசம் கைச்செலவே இல்ல. பாபுகிட்ட சொல்லு, வண்டிக்கு சீட்டு கிழிஞ்சிருந்தா தைக்க வேணாம், நாம வாங்கி தெச்சிக்கலாம், அதுக்கும் அவன் விலைய ஏத்திடுவான்.

ஆகஸ்ட்ல வர முடியாது போல. ஆவணியில கல்யாணக் கூட்டம். கோச்சிக்காத.

கமலக்கண்ணன்


ஜி.டி.நெல்லூர்
17 ஆகஸ்ட் 2025

மாமா மாமா மாமா,

சுகமா இருக்கறியா? நான் ரொம்ப சுகம். கேட்டியா சேதிய? பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீ! ஆந்திரா ஆதார் கார்டு இருந்தா போதும், ஆர்டினரி, கிராமத்துக்கு ஓடற பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ், எதுல வேணா ஏறலாம். நேத்தே சித்தூர் வரைக்கும் போயிட்டு வந்தேன், ஒரு வேலையும் இல்ல, ஊரகே, சொம்மா போனேன். கண்டக்டரு கார்ட பாத்துட்டு ஜீரோன்னு போட்ட டிக்கெட்ட கிழிச்சிக் குடுத்தான். அத்த பத்திரமா சாமி படத்துக்குக் கீழ வெச்சிருக்கறேன். பஸ்ஸு பூரா பொம்பளைங்க, ஒரே சிரிப்பு, ஒரே சத்தம். சித்தூர் ஸ்டாண்டுல பாபு ஆட்டோ காலியா நிக்குது. அவன் வாயில ஈ பூந்தாலும் தெரியாது, அப்பிடி பாத்துக்கினு நிக்கறான்.

இனிமே நீ வர வேணாம். நான் வரேன். உனக்குத் தான் டிக்கெட்டு, எனக்கு இல்ல. இத்தினி வருஷம் பஸ் சார்ஜு பஸ் சார்ஜுன்னு ரெண்டு பேரும் ரெண்டு ஊர்ல கெடந்து செத்தோமே, இனிமே அந்தப் பேச்சே இல்ல. வாரா வாரம் வெள்ளிக்கிழமை வந்து தாயார பாத்துட்டு, உனக்கும் அந்த நாலு பசங்களுக்கும் ரூம்ல ஒரு வேள காரமா, வெங்காயம் பூண்டு போட்டு ஆக்கிப் போட்டுட்டு, சாயங்கால பஸ்ல திரும்பிடுவேன்.

ரூம் அட்ரஸ் எழுது. லாட்ஜ் அட்ரஸ் இல்ல, ரூம் அட்ரஸ். சீக்கிரம்.

உன் அலமேலு


திருச்சானூர்
5 செப்டம்பர் 2025

அலமேலு,

நல்லா இருக்கறேன். நீயும் நல்லா இருப்பன்னு நம்பறேன்.

இப்ப வர வேணாம். ரூம்ல நாலு ஆம்பளைங்க. ஓனரு ஒரு மாதிரி ஆளு, பொம்பளைங்க வந்தா ஒத்துக்க மாட்டான். எனக்கும் வெள்ளிக்கிழமை தான் வேல ஜாஸ்தி, உன்னோட ஒக்காந்து பேசக் கூட முடியாது. இருமலோட அவ்ளோ தூரம் எதுக்கு? சொம்மா கெடைக்குதுன்னு எல்லா எடத்துக்கும் போயிட முடியுமா?

பாபு வண்டி காலியா நிக்குதுன்னு எழுதின. அத்த படிச்சதுல இருந்து மனசு சரியில்ல. நீ சிரிச்சிக்கினே எழுதிட்ட. பொம்பளைங்க எல்லாம் பஸ்ல ஏறிட்டா ஷேர் ஆட்டோவுல யாரு ஏறுவாங்க? நாம அந்த வண்டிக்கு தான் சேத்துக்கினு இருக்கறோம்.

யோசிச்சி எழுதறேன்.

கமலக்கண்ணன்


ஜி.டி.நெல்லூர்
11 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

நான் இருக்கறேன்.

வண்டி விஷயம் எனக்கு ஒறைக்கவே இல்ல, நெஜம். பஸ்ல எடம் கெடச்ச சந்தோஷத்துல எழுதிட்டேன். தப்பு தான்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. பஸ் சார்ஜ் இருந்த வரைக்கும் பஸ் சார்ஜுன்ன. இப்ப பஸ் சார்ஜ் இல்ல, ஓனரு இருக்கறான், கூட்டம் இருக்குது, என் இருமல் இருக்குது. நான் வரது தான் உனக்குப் புடிக்கலயா? ரூம் அட்ரஸ ரெண்டு தபா கேட்டுட்டேன். அந்த ரூம்ல நாலு பசங்க தான் இருக்கறாங்களா, வேற யாராவது இருக்கறாங்களா? கேக்கவே எனக்கு கூசுது. கேக்காம இருந்தா தூக்கம் வரல.

பகல் பூரா வாய தொறக்க ஆள் இல்லாம, எத்திராஜ் சைக்கிள் பெல்லு கேட்டா வாசலுக்கு ஓடறேன். அவன் பாவம், "லேதக்கா"ன்னு தூரத்துல இருந்தே இல்லன்னு கைய ஆட்டறான்.

அலமேலு


ஜி.டி.நெல்லூர்
8 அக்டோபர் 2025

மாமா,

உன் கிட்ட இருந்து லெட்டரே இல்ல. ஒடம்பு சரியில்லயா? கோவமா? நான் எழுதினது தப்புன்னா திட்டியாவது எழுது. ரீசார்ஜ் போட்டுடலாம்னு கடை வரைக்கும் போனேன். அப்புறம் தான் ஞாபகம் வந்துச்சு, என் போனுக்கு மட்டும் போட்டு இன்னா பிரயோஜனம், உன் போன் செத்து ஆறு மாசம் ஆவுது. திரும்பி வந்துட்டேன்.

தீவாளிக்கு வருவியா? ஒரு வார்த்த எழுது.

அலமேலு


திருச்சானூர்
27 அக்டோபர் 2025

அலமேலு,

நான் உசிரோட நல்லா இருக்கறேன். பயமுறுத்திட்டேன், மன்னிச்சிக்க.

வேற யாரும் இல்ல. தாயார் மேல சத்தியம். உன்ன உட்டா எனக்கு யாரு இருக்கறாங்க சொல்லு. தீவாளிக்கு டபுள் கூலின்னு கேசவன் சொன்னாரு, நின்னுட்டேன். அடுத்த மாசம் தாயார் பிரம்மோற்சவம், அப்பவும் வர முடியாது.

எழுத ஒண்ணும் இல்லாம தான் எழுதல. பொங்கலுக்கு வந்துடறேன்னு மொத லெட்டர்லயே எழுதினேன். இப்ப அந்த வார்த்தைய எழுத கை வரல. வண்டிய வாங்கி காலியா ஓட்டறதுக்கு இங்கயே இருக்கலாம்னு தோணுது. இங்க இருக்கவும் புடிக்கல.

கேஸ் அடுப்புல ஆக்கு.

கமலக்கண்ணன்


ஜி.டி.நெல்லூர்
6 டிசம்பர் 2025

மாமாவுக்கு அலமேலு எழுதறது. நான் சுகமா இருக்கறேன். நீயும் சுகமா இருக்கறன்னு எனக்குத் தெரியும். நேத்து தான் உன்ன கண்ணால பாத்தேன்.

திட்டாத. முழுசா படி.

வெள்ளிக்கிழமை, தாயார பாக்கலாம்னு கெளம்பிட்டேன். சித்தூர்ல பஸ் மாறி திருப்பதி, அங்க இருந்து திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோக்காரன் கூப்பிட்டான், நான் ஏறல, சிட்டி பஸ்ஸு வர வரைக்கும் நின்னேன். வூட்ல இருந்து உன் லாட்ஜ் வாசல் வரைக்கும் ஒத்தப் பைசா செலவில்ல. நீ கேட்டா மெச்சிக்குவ.

லாட்ஜுல கேசவன் இருந்தாரு. கமலக்கண்ணன் சம்சாரம்னு சொன்னேன். எழுந்து நின்னுட்டாரு, நல்ல மனுஷன். உன் ரூம் எங்கன்னு கேட்டேன். "ரூமா? ரூம் லேதம்மா. யாத்திரிக்காரங்க படுக்கற ஹால்ல தான படுத்துக்கறான், உங்களுக்குத் தெரியாதா?"ன்னாரு. தெரியும்னு சொல்லிட்டேன். மெஸ் எங்கன்னு நான் கேக்கல. "சாப்பாட்டு நேரம், இப்பத்தான் அன்னதானத்துக்குப் போனான்"னு அவரே சொல்லிட்டாரு.

பாதி எனக்கு முன்னாடியே தெரியும் மாமா. வெங்காயம் போடாத மெஸ்ஸு எந்த ஊர்ல இருக்குது? தெனம் ஒரு ஊரு ஆளு பக்கத்துல உக்காருவான்னு எழுதினப்பவே மனசு ஒரு மாதிரி ஆச்சு. வேற ஒண்ணோன்னு சந்தேகப்பட்டு வேற எழுதிட்டேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்.

வரிசையில நின்னுக்கினு இருந்த. மறுபடியும் மொட்ட. தலைய பாத்ததும் ஒறச்சுது. கோயில்ல சொம்மா மொட்ட அடிச்சா சலூனுக்கு துட்டு மிச்சம், அதான? என் இருமலுக்கு வேண்டிக்கினன்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கறேனே, பாவி, என் மூஞ்ச எங்க வெச்சிக்கறது? போவட்டும். நீ வேண்டிக்கலன்னா இன்னா, நான் வேண்டிக்கினேன், நீ மொட்ட போட்டன்னு வெச்சிக்கலாம். கணக்கு சரியாயிடும்.

உனக்கு ரெண்டு வரிச பின்னால நானும் உக்காந்தேன். எல்லாரும் கோவிந்தான்னு சொன்னப்ப நீயும் சொன்ன. குடும்பம் குடும்பமா உக்காந்திருந்தாங்க, நீ ஒருத்தன் மட்டும் தனியா, துண்ட மடியில விரிச்சிக்கினு. கூட்டு போடறவரு வந்தப்ப இன்னும் கொஞ்சம்னு கேட்டு வாங்கின. பூசணிக்கா கூட்டு தான். நல்லாத் தான் இருந்தது. பக்கத்துல இருந்த சின்னப் பொண்ணுகிட்ட எந்த ஊருன்னு கேட்டு நீ பேச ஆரம்பிச்ச, அது அவங்கம்மா பக்கம் திரும்பிக்கிச்சு. நீ தலைய குனிஞ்சிக்கினு துன்ன. எனக்கு சோறு எறங்கல மாமா. கண்ணுல தண்ணி வந்து தட்டுலயே உழுந்துச்சு. பரிமாற வந்த அம்மா காரமான்னு கேட்டுச்சு.

உன்ன கூப்பிடத் தான் வாய தொறந்தேன். இருமல் தான் வந்துச்சு. நீ திரும்பல. அப்புறம் யோசிச்சேன். இப்ப நான் முன்னால போய் நின்னா இந்த மனுஷன் வாயில வெச்ச சோறு முழுங்க மாட்டான்னு. நீ கை கழுவிட்டுப் போற வரைக்கும் தூணுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, பஸ் ஏறிட்டேன். ஏறின அப்புறம் எம்மாம் தப்பு பண்ணிட்டேன்னு தெரிஞ்சிச்சு. வழி பூரா அழுதுக்கினே வந்தேன். பக்கத்து சீட்டு பொம்பள, யாராவது தவறிட்டாங்களான்னு கேட்டா.

எதுக்கு மறச்சன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் அத்த பத்தி ஒண்ணும் எழுத வேணாம். சாமி சோறு துன்றதுல இன்னா வெக்கம்? நீ வெக்கப்படுவன்னு எனக்குத் தெரியும், அவ்ளோ தான்.

பாபு வந்தான். வண்டிய பாதி விலைக்குத் தரேன்னான். வேணாம்னு சொல்லிட்டேன், உன்ன கேக்கல. ஆள் ஏறாத வண்டிய வாங்கி வாசல்ல நிறுத்தி பொட்டு வெக்கறதா? நீ சேத்து வெச்ச துட்டுல ஒரு ரூம் எடு. நெஜ ரூம். கதவு இருக்கற ரூம். மிச்சம் புடிச்சது போதும், மனுஷன மிச்சம் வெக்கணும் இல்ல. கேசவன் சொன்னாரு, பெட்ஷீட் தொவைக்க ஒரு பொம்பள ஆளு வேணுமாம்.

உன் பதில் வந்த அடுத்த வெள்ளிக்கிழமை நான் வருவேன். வேணாம்னு எழுதினாலும் வருவேன்.

உன் அலமேலு


திருச்சானூர்
11 டிசம்பர் 2025

அலமேலு,

நான் நல்லா இருக்கறேன்னு எழுதத் தான் பேனாவ எடுத்தேன். அப்பிடி ஒண்ணும் நல்லா இல்ல. உன் லெட்டர கேசவன் மேசைகிட்டயே நின்னு படிச்சிட்டு, பாதி கட்டின மாடிக்குப் போயிட்டேன். அவரு ரெண்டு தபா கூப்பிட்டாரு, நான் எறங்கி வரல.

நீ எழுத வேணாம்னத நான் எழுதல.

ஒரு ரூம் பாத்தேன். கதவு இருக்குது, ஒரு ஜன்னல் இருக்குது, பின்னால கொழாய். வாடகைய கேட்டதும் என் புத்தி போவுமா, ஓடியாந்துட்டேன். நீ வந்தப்புறம் ரெண்டு பேரும் போய் கேக்கலாம். உன் வாய்க்கு அவன் கொறச்சிடுவான். நீ தொவைக்கற வேலைக்கு வந்துட்டா அந்த வூட்ட பூட்டிட்டு வரணும், அது எனக்கு மனசு ஒப்பல. உன்கிட்ட பேசினா ஒப்பும்.

இந்த வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளி வா. 19-ந் தேதி. லெட்டர் வந்து சேரணும்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அன்னைக்கு துன்னுக்கினு இருந்தப்ப பின்னால யாரோ இருமினாங்க. எனக்குக் கேட்டுச்சு. உன் இருமலேதான்னு தோணிச்சு. இங்க எனக்கு தெனமும் இப்பிடித் தான். யாராவது உன்ன மாதிரி இருமுவாங்க, யாராவது உன்ன மாதிரி பொடவைய சொருகிக்கினு போவாங்க, மைக்ல உன் பேர சொல்லுவாங்க. ஒவ்வொரு தபாவும் திரும்பிப் பாப்பேன், வேற யாரோ இருப்பாங்க. அப்புறம் அந்த நாள் பூரா ஒண்ணும் புடிக்காது. அதனால இனிமே இன்னா சத்தம் கேட்டாலும் திரும்பறது இல்லன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அலமேலு, திரும்பாம இருந்தது அன்னைக்கு ஒரு நாள் தான்.

வெள்ளிக்கிழமை நான் வரிசையில முன்னாடியே போய் நிக்கறேன். நீ கூப்பிட வேணாம். இருமினா போதும்.

உன்
கமலக்கண்ணன்